ஆற்றைத் தள்ளி வைத்த பீற்றிஸ்

வெல்லாவெளிக்கு மேற்கே மருதடி வட்டை என்ற வயல்வெளிக்குப் போய், "பீற்றிஸ் வீடு எது?" என்று கேட்டால் ஒருவருக்கும் சட்டென்று விளங்காது. "ஆத்தத் தள்ளி வச்ச அக்காட வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். ஆள் இருந்தால் ஆள் காட்டும். ஆள் இல்லாவிட்டால் மேய்கிற மாடு தலையைத் திருப்பிக் காட்டும். மாடு காட்டியதை நான் கண்ணால் கண்டேன். அது முகத்தில் மொய்த்த இலையான் ஈயை விரட்டத்தான் தலையைத் திருப்பியது என்று சிலர் சொல்வார்கள். இலையான் ஏன் சரியாக அந்தப் பக்கத்தில் வந்து குந்தவேண்டும் என்று கேட்டால் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார்கள்.

பீற்றிஸ் வயல்காரியாகப் பிறந்தவள் அல்ல. மட்டக்களப்பு நகரத்தில், வாவிக்கரையில், தோணி கட்டுகிற தென்னைக்கும் அடுப்படிக்கும் நடுவே பத்து எட்டுக்கூட இல்லாத ஒரு வீட்டில் பிறந்தாள். தகப்பன் யோசேப் மீன்பிடிகாரர். மகள் பிறந்த அன்று அழுத அழுகையில் வாவி மீனெல்லாம் மிரண்டு, மூன்று நாள் வலையில் ஒன்றுமே விழவில்லை என்று அவர் சொல்லுவார். வெறுங்கூடையோடு வீடு திரும்பிய ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் வைத்திருந்த மனிதர்தான். ஆனாலும் இந்தக் காரணத்தை நான் நம்புகிறேன். அவள் குரல் அப்படி.

சந்தையில் தகப்பனின் மீனை அவள் விற்ற காலத்தில், மருதடியிலிருந்து உதயரூபன் என்ற வயல்கார இளைஞன் ஒரு கிலோ மணலை மீன் வாங்க வந்தான். அடுத்த கிழமையும் வந்தான். அதற்கடுத்த கிழமையும் வந்தான். பஸ்ஸில் ஊர் போய்ச் சேருவதற்குள் மீன் வெயிலில் நாறிவிடும். மூன்றாவது முறையும் நாறின மீனை முகர்ந்து பார்த்த அவன் தாய் ஆச்சிப்பிள்ளை, "டேய், நீ மீன் வாங்கப் போறியா, மீன்காரியப் பாக்கப் போறியா?" என்று கேட்டார். உதயரூபன் நாறின மீனைக் கழுவக் கிணற்றடிக்குப் போனான். அதிகம் பேசுகிற சாதி அல்ல அவன். ஆச்சிப்பிள்ளைக்கு அதுவே போதும்.

கலியாணம் நடந்தது. பீற்றிஸ் நத்தாருக்குத் தேவாலயம் போவாள். வைகாசியில் மாமியாரோடு கண்ணகை அம்மன் கோயிலுக்கும் போவாள். அதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை. ஆச்சிப்பிள்ளை சொன்ன குறை வேறு: "தோணிக்காரிக்கு வரம்பில நடக்கத் தெரியா." அது உண்மைதான். முதல் மழையில் ஒரே வரம்பில் மூன்று தடவை விழுந்து, நாலாம் தடவை வரம்பையே வயலாக்கிவிட்டாள்.

இனி ஆற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். மலைப்பக்கமிருந்து இறங்கி, மருதடி வட்டையின் எண்பது ஏக்கர் வயலையும் ஒரு பக்கமாக அணைத்துக்கொண்டு போய் வாவியில் விழுகிற சின்ன ஆறு அது. கோடையில் முழங்கால் அளவு தண்ணீர். மாரியில் அதற்கு முழங்கால், இடுப்பு என்ற கணக்கெல்லாம் தெரியாது. நேராக ஓடவும் தெரியாது. அதன் வளைவில் காலையில் விழுந்த தேங்காய், மாலையில் விழுந்த இடத்துக்கே திரும்பி வந்து வழி கேட்டதாம்.

வளைந்து ஓடுகிற தண்ணீருக்கு ஒரு பழக்கம் உண்டு. வளைவின் வெளிப்பக்கத்தில் வேகமாக ஓடிக் கரையின் அடியை அரிக்கும். அடி போனதும் மேல்மண் தானாகச் சரியும். உட்பக்கத்தில் சோம்பலாக ஓடும். சோம்பலில் கையிலிருந்த மணலையும் வண்டலையும் போட்டுவிட்டுப் போகும். ஒரு கரையில் தின்னும், மறுகரையில் துப்பும். இப்படித் தின்றும் துப்பியும்தான் ஆறு தன் படுக்கையை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் போடுகிறது.

உதயரூபனின் வயல் தின்கிற கரையில் இருந்தது. எதிரே, துப்புகிற கரையில், நல்லரத்தினத்தின் கச்சான் தோட்டம், அதாவது நிலக்கடலைத் தோட்டம், இருந்தது. நல்லரத்தினம் அந்த வட்டைக்கு விதானை. தண்ணீர் பங்கிடுவது, கூட்டம் கூட்டுவது, யார் எவ்வளவு வேலி அடைப்பது என்று அளந்து கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. நேர்மையான மனிதர், ஆற்றுக்கு அவர் ஒன்றும் ஓதிக் கொடுக்கவில்லை. ஆனால் இந்தப் பக்கம் ஒரு முழம் குறைந்தால் அந்தப் பக்கம் ஒரு முழம் கூடும். கூடின மணலில் அவர் கச்சான் போடுவார். "ஆத்துக்கு என்னில ஒரு இது" என்று மீசையைத் தடவிக்கொள்வார்.

பீற்றிஸ் கலியாணம் முடித்து வந்தபோது வயல் மூன்று ஏக்கர். பதினேழு வருஷத்தில் அது ஒன்றரை ஏக்கராயிற்று. வட்டை முறைப்படி, ஆற்றோரம் யாருடைய வயலோ ஆற்றோர அணையும் அவர் பங்கு. உதயரூபன் ஒவ்வொரு வருஷமும் உரப் பைகளில் மண் நிரப்பிக் கரையில் அடுக்குவான். ஆறு மண்ணையும் தின்று, பையையும் தின்று, அடுத்த வருஷம் இன்னும் பசியோடு வரும்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு, விதைப்புக்கு முந்திய கூட்டம். நல்லரத்தினம் எழும்பினார்.

"இவ்வளவு நாளும் முழம் முழமாத் திண்ட ஆறு இனி ஒரே வாயில திங்கும். உதயன்ட வயல உடைச்சிற்று உள்ள வந்திற்றெண்டா எண்பது ஏக்கரும் மணல்தான். அதால, புது அணைய உதயன்ட வயலுக்கு இஞ்சால போடுவம்."

"அப்ப என்ட வயல்?" என்று கேட்டான் உதயரூபன். அந்த வருஷம் அவன் கூட்டத்தில் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

"அது ஆத்துக்கு, தம்பி. வேற என்ன செய்யிற?"

ஒருவரும் முகம் பார்க்கவில்லை. அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது. பின் வரிசையில் பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கூரையில் இருந்த புறாக்கள் வெளியே போயின.

"விதானையார், ஆத்துக்குக் குடுக்கிறத்துக்கு முதல் ஆத்திட்ட ஒரு வார்த்தை கேக்க ஒண்ணாதா?"

"நீயே கேளு புள்ள. உனக்குத்தானே தண்ணிட பாசை தெரியும்," என்றார் நல்லரத்தினம். கூட்டம் சிரித்தது.

பீற்றிஸ் சிரிப்பு முடியும்வரை நின்றாள். "எனக்கு ஒரு மாரி தாங்க. கரை ஒரு முழம் பின்னுக்குப் போனாலும், நானே மண்வெட்டியோட வந்து உங்கட அணைக்கு முதல் மண் வெட்டுறன்."

தாராள மனத்தோடு கொடுத்தார்கள். அணைக்கு மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரம் எப்படியும் மாரி முடிந்துதான் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவள் மனதில் இருந்தது வாவியில் படித்த பாடம். வாவி மீனவர்கள் தண்ணீருக்கு அடியில் மரக்கொப்புகளைக் குவியலாகப் போடுவார்கள். மீன் வந்து ஒதுங்கும். இரண்டு வருஷத்தில் அந்தக் குவியலில் சேறு பிடித்து, இடம் மேடாகி, தோணி முட்டும். "எவன்டா இஞ்ச கொப்புப் போட்டவன்?" என்று அதற்காக வாவியில் நடக்காத சண்டை இல்லை. கொப்புப் போட்டால் மேடாகும் என்பது பீற்றிஸுக்குப் பால்குடியிலேயே தெரியும். தம்பி ஜொய்சனை வரவழைத்தாள். அவன் தகப்பனின் தோணியில் இப்போதும் தொழில் செய்கிறவன். இருவருமாக நாவல் கொப்பும் புளியங்கொப்பும் வெட்டி, இறுக்கிக் கட்டி, கல் ஏற்றி, கரையோரமாகப் பத்துப் பெருங்குவியல் போட்டார்கள்.

"ஆத்துக்கு விறகு குடுக்கிறா என்ட மருமகள்," என்றார் ஆச்சிப்பிள்ளை வந்தவர் போனவரிடமெல்லாம். "சமைக்கப் போகுதாக்கும்."

மார்கழியில் வெள்ளம் வந்தது. குவியல்கள் அசையவில்லை. அங்கேதான் பிழை நடந்தது. உள்ளே நுழைய முடியாத தண்ணீர் கோபத்தோடு இரண்டு பக்கமும் சுற்றி ஓடி, சுற்றிய இடமெல்லாம் தோண்டியது. வெள்ளம் வடிந்தபோது கரையோரம் பத்துக் கிடங்கு. மிக ஆழமான கிடங்கில் ஒரு முதலை குடிவந்தது. வாடகை கேட்க உதயரூபன் போகவில்லை. கரை ஏழு முழம் பின்னுக்குப் போயிருந்தது.

பீற்றிஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு விதானையார் வாசலில் போய் நின்றாள். நல்லரத்தினத்துக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

"வை கா அந்த மண்வெட்டிய. இப்ப மண் ஈரம். வந்து தேத்தண்ணி குடி."

அவள் குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஜொய்சனுக்குப் போன் எடுத்தாள். "தம்பி, தண்ணி நிக்கிற இடத்துப் புத்திய ஓடுற இடத்துக்குக் கொண்டு வந்திற்றன்டா." அவ்வளவுதான் சொன்னாள். வாவிக்காரி ஒருத்தியைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாத பிழை அது.

பீற்றிஸ் ஒரு கிழமை ஆற்றுப் பக்கமே போகவில்லை. மாமியார்தான் அனுப்பினார். அனுப்பியது ஆற்றுக்காக அல்ல, வேலிக்காக. வீட்டுக் கொல்லையில் கத்தரிக்குக் கட்டியிருந்த தடி வேலியை வெள்ளம் அப்படியே பெயர்த்துக்கொண்டு போயிருந்தது.

"பூவரசந்தடி. ஒவ்வொண்டா நான் தெரிஞ்சு வெட்டினது. வேலிய எடுத்திற்று வீட்ட வா," என்றார் ஆச்சிப்பிள்ளை.

வேலி ஆற்று வளைவின் கீழ் முனையில் கிடந்தது. ஒரு தலை மருதமர வேரில் சிக்கியிருந்தது. மறுதலை ஆற்றுக்குள் சாய்வாக நீண்டிருந்தது. இழுக்கலாம் என்று பீற்றிஸ் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு இறங்கினாள். கழுத்துவரை தண்ணீர் இருக்கவேண்டிய இடம். கணுக்கால்தான் நனைந்தது.

திரும்பக் கால் வைத்துப் பார்த்தாள். வேலிக்குப் பின்னால், அரித்த மா மாதிரி மெத்தென்று மணல். தடிக்குத் தடி இருந்த இடைவெளியால் தண்ணீர் உள்ளே வந்தது. வரும்போது ஓடி வந்தது, போகும்போது நடந்து போனது. அவள் கரையில் குந்தி, கொண்டு போன வெற்றிலை முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். குவியல் தண்ணீரை மறித்தது. மறித்ததால் தண்ணீர் சண்டைக்கு வந்தது. வேலி மறிக்கவில்லை, களைக்கப் பண்ணியது. களைத்தவன் சுமையை இறக்கி வைப்பான். ஆறு அங்கே தன் மணலை இறக்கி வைத்திருந்தது.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள்.

"எங்க வேலி?"

"மாமி, அது அங்க வேலை செய்யுது. குழப்பப்படாது."

"என்ன வேலை?"

"மண் பிடிக்குது."

"இஞ்ச என்ட கத்தரிய மாடு பிடிக்குது கா! அதுக்கு என்ன சொல்ற?"

கத்தரிக்கு ஜொய்சனின் பழைய வலையைச் சுற்றிக் கட்டினாள். இரண்டு நாளில் அதில் ஒரு சேவல், இரண்டு உடும்பு, ஒரு அயல்வீட்டுக்காரர் என்று நல்ல மீன்பாடு. ஆச்சிப்பிள்ளை வாயை மூடிக்கொண்டார். சேவலுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

பங்குனியில் நீர்ப்பாசனப் பகுதியிலிருந்து கம்சாயினி என்ற இளம் உத்தியோகத்தர் வந்து, பீற்றிஸின் வயலின் வீட்டுப் பக்க எல்லையில் புது அணைக்கு முளை அடித்தாள். சிவப்புப் பூசிய முளைகள். அவற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒன்றரை ஏக்கரும் இனி ஆற்றுக்கு.

"பெக்கோ எப்ப வரும் தங்கச்சி?"

"சிறுபோகத்துக்குத் தண்ணி விட்டிருவாங்க அக்கா. அணைக்கு மண் எடுக்கிற பள்ளமெல்லாம் நனைஞ்சிரும். மறுகா மாரி. அடுத்த மாசிக்குத்தான் தொடங்கலாம்."

"அப்ப எனக்கு இன்னொரு மாரி கிடக்கு."

"கூட்டத்தில அப்பிடி முடிவெடுக்கல்லயே."

"முடிவெடுக்காட்டி என்ன? மழை வரும்தானே."

கம்சாயினி அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கொப்பியில் ஏதோ எழுதினாள். "சரி அக்கா. தையில நான் வந்து கரைய அளக்கிறன். ஒரு முழம் பின்னுக்குப் போயிருந்தாலும் அணை தொடங்கும். போகாட்டி நானே கூட்டத்தில பேசுறன்."

ஆவணியில் கோடைப் பயிரான சிறுபோகத்தின் அறுவடை முடிந்தது. அந்த வட்டையில் ஒரு வழக்கம் உண்டு. வட்டையைச் சுற்றி ஒவ்வொருவரும் தத்தம் ஏக்கருக்கு ஏற்றபடி வேலி அடைப்பார்கள். அறுவடை முடிந்ததும் அவரவர் பங்கைப் பிரித்து, அறுத்த தாளை மேய மாடுகளை உள்ளே விட்டு, பழைய தடிகளைக் குவித்துக் கொளுத்துவார்கள். அந்த வருஷம் கொளுத்த ஒன்றும் மிஞ்சவில்லை. பீற்றிஸ் உழவு இயந்திரப் பெட்டியோடு வேலி வேலியாகப் போனாள்.

"எடுத்திற்றுப் போ புள்ள, எங்களுக்கும் நெருப்புக்குச்சி மிச்சம்," என்றார்கள். நல்லரத்தினமும் கொடுத்தார். "ஆத்துக்கு வேலி அடைக்கிறியாம். படலையும் போடுவியா?" என்று கேட்டார்.

"போடுவன் விதானையார். பூட்டு மட்டும் நீங்க வாங்கித் தாங்க."

ஆறு முழங்காலளவு இறங்கியிருந்த அந்த ஒன்றரை மாதத்தில் அவளும் உதயரூபனும் ஐந்து வரிசை வேலி அடித்தார்கள். கரையிலிருந்து ஆற்றுக்குள் சாய்வாக, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக. தூணுக்கு, நட்டால் வேர் விடுகிற பச்சைப் பூவரசங் கதியால், நடுவே பழைய தடி. கை நுழைகிற இடைவெளி விட்டுத்தான் பின்னவேண்டும். உதயரூபன் பழக்கத்தில் நெருக்கமாகப் பின்னினால், "இது மாட்டுக்கு இல்ல, ஆத்துக்கு" என்று பிரித்துப் போடுவாள். ஐப்பசியில் கதியால்கள் தளிர்த்தன. ஆற்றுக்குள்ளே ஒரு சோலை நின்றது. அதைப் பார்த்துக் குழம்பிய ஒரு குயில், கரையிலா ஆற்றிலா கூவுவது என்று தெரியாமல் அந்த வருஷம் கூவாமலே போய்விட்டது.

அந்நேரம் ஒரு நாள் வழியில் போன கம்சாயினி இறங்கி வந்து, இரண்டு தேசிக்காயைத் தண்ணீரில் விட்டாள். நடு ஆற்றில் விட்ட காய் கண்ணுக்கு மறைந்து போனது. வேலிகளுக்கு இடையே விட்ட காய், விருந்துக்கு வந்தவர்போல நின்று நின்று போனது.

"படிக்கக்குள்ள இதுக்கு ஒரு பேர் சொல்லித் தந்தவங்க அக்கா," என்றாள். "ஆனா மாமியார்ட கத்தரி வேலியில இருந்து வந்தது எண்டு புத்தகத்தில இல்ல."

கார்த்திகையிலும் வெள்ளம் வந்தது, சிறியது. பெரியது மார்கழி பதினெட்டாம் திகதி விடிய வந்தது. மழை நாலு நாளாக விடாமல் பெய்து, வாவிக்கும் வயலுக்கும் நடுவே இருந்த கரை எதுவென்று தெரியாமல் போயிருந்தது. ஜொய்சன் தோணியை மட்டக்களப்பிலிருந்து நேராக வயல்வெளியால் ஓட்டி வந்தான். வரும் வழியில் ஒரு வீட்டு யன்னலால் தேத்தண்ணி வாங்கிக் குடித்ததாகச் சொன்னான். யன்னல் மேல்மாடி யன்னல் என்றும் சொன்னான். அவன் யோசேப்பின் மகன்தானே.

காலை எட்டு மணிக்கு முதல் வேலி போயிற்று. இரண்டாவது சாய்ந்தது, ஆனால் வேர் விட்ட கதியால்கள் விடவில்லை. தேத்தண்ணி நிறத் தண்ணீர், நுரை, வாழைமரங்கள், ஒரு பிளாஸ்ரிக் கதிரை எல்லாம் போய்க்கொண்டிருந்தன. நல்லரத்தினமும் வட்டையில் பாதிப் பேரும் குடையோடு கரையில் நின்றார்கள். உடைத்தால் அவர்கள் வயலும் போகும்.

ஒன்பது மணிபோல ஒரு முழு மருதமரம், வேரோடும் தலையோடும், உருண்டு வந்து மூன்றாம் வேலியில் குறுக்கே சிக்கியது. சிக்கியதும் வைக்கோலும் சல்வீனியா நீர்க்களையும் வாழையும் அதில் வந்து வந்து அடைந்தன. கொஞ்ச நேரத்தில் ஒரு பச்சைச் சுவர்.

"அம்மாளே!" என்று நல்லரத்தினம் கை கூப்பினார். "ஆறே அணை கட்டித் தந்திற்று. இனிப் பயமில்ல!"

கரையில் நின்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள். பீற்றிஸின் முகம் மட்டும் வெளுத்தது. சுவரின் நுனியில் தண்ணீர் சுழித்து, கரைப் பக்கம் திரும்புவதை அவள் கண்டாள். போன வருஷம் குவியலைச் சுற்றித் திரும்பியது போலவே.

"மரத்தை வெட்டி விடுங்க!"

"உனக்கென்ன விசரா? கடவுள் தந்தத!"

"விதானையார், அது அங்க நிண்டா தண்ணி சுத்திக்கொண்டு வந்து என்ட வயலத் தோண்டும். என்ட வயல் போனா மத்தியானம் உங்கட எண்பது ஏக்கரும்! நான் ஒருக்காப் பிழை விட்டுப் படிச்சவள், சொல்றன், வெட்டுங்க!"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் காலடியில் கரை ஒரு துண்டு சரிந்தது. அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை. ஆனால் யாரும் இறங்கவும் இல்லை.

உதயரூபன் சாரத்தை மடித்துக் கட்டினான். கயிற்றின் ஒரு தலையை இடுப்பில் கட்டி, மறுதலையைக் கொண்டு போய் நல்லரத்தினத்தின் கையில் கொடுத்தான். "விட்டிராதீங்க," என்றான். ஜொய்சன் தோணியை வேலியோடு அணைத்துப் பிடிக்க, உதயரூபன் மரத்தில் ஏறிக் கோடரி போட்டான். மரம் வெட்டுக்கு வெட்டு முனகியது. கரையில் நல்லரத்தினம் காலை மண்ணில் புதைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்திருந்தார்; அவருக்குப் பின்னால் ஏழு பேர், அவர்களுக்குப் பின்னால் குடையை எறிந்துவிட்டு ஆச்சிப்பிள்ளை.

"மனே, கவனம்! டேய், அந்தக் கொப்பில கால் வைக்காத! பீற்றிஸ், கத்து கா, உன்ட குரல்தான் அவனுக்குக் கேக்கும்!"

பீற்றிஸ் கத்தினாள். எங்கே கால் வைப்பது, எப்போது தாவுவது என்று ஒவ்வொன்றாகக் கத்தினாள். அந்தச் சத்தம் பல மைல் தள்ளி ஏறாவூர்வரை கேட்டது என்பது என் கணக்கு. அரை மணித்தியாலத்தில் மரம் நடுவே முறிந்தது. உதயரூபன் தோணிக்குத் தாவினான். பாதி மரம் கீழே போயிற்று. வேரோடு இருந்த பாதி சுழன்று, ஆற்றைக் கடந்து, எதிர்க்கரை மணல் திட்டில் போய் முட்டியது. பச்சைச் சுவர் கரைந்தது. தண்ணீர் மறுபடி தடி இடைவெளியால் நுழைந்து, களைத்து, நடந்தது. பெரும் வேகம் நடு ஆற்றுக்கு ஒதுங்கி, அங்கிருந்து எதிர்த்திட்டின் மேல் விழுந்தது. கச்சான் மணல் கரைவதை நல்லரத்தினம் கயிற்றைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டு நின்றார். கயிற்றை விடவில்லை. அதை நான் அழுத்திச் சொல்லவேண்டும்.

வெள்ளம் வடிய ஒன்பது நாள் எடுத்தது. வடிய வடிய வேலிகளுக்கு நடுவே மணல் முதுகு காட்டியது. மணலுக்கு மேல் ஒரு சாண் கறுப்பு வண்டல். வண்டல் ஏறின வேகம் எப்படியென்றால், மீனுக்காக ஒற்றைக் காலில் காத்து நின்ற கொக்கு, மற்றக் காலை இறக்கப் போனபோது இடமில்லாமல் திகைத்தது.

தைப்பொங்கல் முடிந்த கிழமை கம்சாயினி வந்தாள். அளவுக் கயிற்றின் ஒரு நுனியை அவள் பிடித்தாள். மறு நுனியை, வட்டை முறைப்படி, விதானை பிடிக்கவேண்டும். கரை பின்னுக்குப் போகவில்லை. முன்னுக்கு வந்திருந்தது. என் கணக்கில் எட்டுப் பாகம், பாகத்துக்கு நாலு முழம். கயிற்றின் கணக்கில் ஐந்து. கயிறு ஈரத்தில் சுருங்கியிருக்கும்.

நல்லரத்தினம் இரண்டு தரம் அளந்தார். மூன்றாம் தரம் அளக்கக் குனிந்தவர் நிமிர்ந்து சொன்னார்: "என்ட கச்சான் மணல் இஞ்ச வந்து கிடக்கு."

"உங்கட மணல் இல்ல விதானையார்," என்றாள் பீற்றிஸ். "பதினேழு வருசமா இஞ்ச இருந்து போனது. அங்க கொஞ்ச நாள் தங்கி இருந்திற்று வந்திருக்கு."

நல்லரத்தினத்துக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கிய சிரிப்பு. "விருந்தாளிய நல்லாத்தான் பாத்தனான். கச்சானெல்லாம் குடுத்தனான்."

கூட்டத்தில் கம்சாயினி சொன்னபடி பேசினாள். பேசி முடிப்பதற்குள்ளேயே கைகள் உயர்ந்துவிட்டன. புது அணை இல்லை. ஒன்றரை ஏக்கரும் அதன் புது மண்ணும் வட்டைக்கு உள்ளே. அத்தோடு நல்லரத்தினம் எழும்பி இன்னொன்றும் கேட்டார்: ஆற்று வேலி இனி உதயனின் பங்கு மட்டுமா, எல்லோருடைய பங்குமா? ஏக்கருக்குப் பத்துத் தடி, ஒரு நாள் ஆள்வேலை, வருஷா வருஷம். அதற்கும் கைகள் உயர்ந்தன. உதயரூபன் எழும்பி என்னவோ சொல்ல வாயெடுத்து, பிறகு சிரித்துவிட்டு இருந்தான். பின் வரிசையில் பீற்றிஸ் அழுதாள். நல்ல வேளை, மூக்கைச் சேலையில் புதைத்துத்தான் அழுதாள். இல்லாவிட்டால் வாவியில் அடுத்த மூன்று நாள் மீன்பாடு இருந்திராது.

அடுத்த மாரிப் பயிரான பெரும்போகத்தில் வண்டல் மண்ணில் நெல் ஆளுயரம் நின்றது. குள்ளமான ஆளாக வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவடை முடிந்த மூன்றாம் நாள் காலை, முன்பின் தெரியாத ஒரு உழவு இயந்திரம் வாசலில் வந்து நின்றது. ஆற்றின் மேல்பக்கம், பத்து மைல் தள்ளி இருக்கிற வட்டை ஒன்றிலிருந்து நாலு பேர். மூத்தவர் இறங்கித் தலைப்பாகையை அவிழ்த்தார்.

"ஆத்தத் தள்ளின அக்கா நீங்களா? எங்கட பக்கம் கோயில் காணிய ஆறு தின்னுது. ஒருக்கா வந்து பாக்க ஏலுமா?"

"எந்தப் பக்கம் வளையுது?" பீற்றிஸ் கேட்டுக்கொண்டே காலில் செருப்பை மாட்டிவிட்டாள்.

அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. உதயரூபன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். உள்ளேயிருந்து ஆச்சிப்பிள்ளை அகப்பையோடு வெளியே வந்தார்.

"ஏன் கா பாத்துக்கொண்டு நிக்கிறாய்? சோத்த நான் பாக்கிறன். அவங்கட ஆறு உனக்காகக் காத்துக்கொண்டு நிக்கப் போகுதா? ஏறு!"

பீற்றிஸ் ஏறினாள்.